மருந்து போட்டவங்களுக்கு வெளிச்சம் ஆகாது

திரை தைப்பவருக்கு வாழ்க்கையில் இரண்டே பெருமை. ஒன்று, அவர் தைத்த திரைக்குள் ஊசிமுனை வெளிச்சம் நுழையாது. இன்னொன்று, அவர் மனைவி. இதில் எது பெரிசு என்று கேட்டுப் பாருங்கள், மனுஷன் ஒரு நொடிகூட யோசிக்க மாட்டார். "திரையை யார் வேணா தைக்கலாம். அவளை மாதிரி ஒருத்தியை யார் தைக்கிறது?" என்பார். பக்கத்தில் மனைவி இல்லாதபோதும் இதையேதான் சொல்வார், அதுதான் விசேஷம்.

மனைவிக்கு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. வீட்டில் 'விஞ்ஞானி' என்று பெயர். அவளைப் பெற்றவள், அதாவது திரைக்காரரின் மாமியார், கேலிக்கு வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. மகளைப் படிக்க வெளியூர் அனுப்பிய பிறகு வீட்டில் விஞ்ஞானி, திரைக்காரர், கூடமாட ஒத்தாசைக்கு வந்து தங்கிவிட்ட மாமியார் என்று மூன்று பேர்தான். மூன்று பேரில் வாய் அதிகம் மாமியாருக்கு, மூளை அதிகம் விஞ்ஞானிக்கு. திரைக்காரருக்கு மிச்சம் இருந்தது இளகிய மனசு. அதுதான் இந்தக் கதையில் வேலையைக் காட்டியது.

விஞ்ஞானியின் ஆராய்ச்சி கேட்கச் சின்னது, செய்யப் பெரியது. வயலில் களைக்கொல்லி தெளித்தால் களை சாகும். நல்லது. கூடவே நெல்லும் செத்தால்? அதனால் களைக்கொல்லிக்குச் சாகாத நெல் ஒன்றைத் தேடினாள். வருஷக்கணக்காகத் தேடி, ஆயிரக்கணக்கான நாற்றுகளைக் கொன்று, கடைசியில் மூன்று நெல் குடும்பங்களைப் பிடித்தாள். அவற்றுக்கு ஏதேதோ எண்கள் உண்டு. அவள் வாயில் வந்ததென்னவோ மூத்தது, நடுவிலது, கடைக்குட்டி. முதலில் கிடைத்த மூத்ததின் மேல் கொஞ்சம் பாசம் தூக்கல். அது எல்லா வீட்டிலும் உள்ளதுதானே.

இந்த மூன்றையும் வயலில் நட அனுமதி கொடுக்கும் குழு திங்கட்கிழமை வருவதாக இருந்தது. வந்து, பார்த்து, சரி என்றால் வயல். இல்லையென்றால் அவ்வளவுதான். நிலையத்தில் இருப்பது ஒரே ஒரு நல்ல கண்ணாடி வீடு. அதைப் பூச்செடி ஆராய்ச்சிக்காரர்கள் எப்போது காலியாகும் என்று வாசலிலேயே நின்றார்கள்.

வெள்ளிக்கிழமை வெயில் தாழ்ந்த பிறகு விஞ்ஞானி கடைசிச் சோதனைக்கு மருந்து தெளித்தாள். ஒரு தட்டில் அவளுடைய மூன்று வரிசை. பக்கத்துத் தட்டில் சாதா நெல். இரண்டுக்கும் ஒரே மருந்து, ஒரே அளவு. முடித்துவிட்டுத் தட்டைக் குனிந்து சரிசெய்தவளின் வலது கண்ணில் நெல் இலையின் நுனி சுரீரென்று குத்தியது. பிழைப்பு கொடுத்த நெல்லே கண்ணைக் குத்திற்று.

திரைக்காரர் அடித்துப்பிடித்து ஓடிவந்தார். கண்ணைப் பொத்திக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தவள், "ஒண்ணும் இல்லைங்க, பதறாதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த மூச்சில், "மருந்து அடிச்சாச்சு. தண்ணி ஊத்துற ஆள் ரெண்டு நாள் லீவு. செடியை மட்டும் பார்த்துக்கோங்க" என்றாள்.

கண் டாக்டர் பார்த்தார். கருவிழியில் கீறல். சொட்டு மருந்து விட்டு, கட்டுப் போட்டார். "மருந்து போட்டிருக்கேன். வெளிச்சம் ஆகாது. கட்டுப் போடாத கண்ணும் கூசும், அதையும் மூடிக்கிட்டு இருட்டு அறையில படுத்திருக்கணும். போனைத் தொடவே கூடாது" என்றார். திரைக்காரர் ஒவ்வொரு சொல்லையும் பிரசாதம் போல வாங்கிக்கொண்டார்.

நம்ம பேச்சில் இந்த 'மருந்து' என்ற சொல் இருக்கிறதே, அதைப் போல ஆளைக் கவிழ்க்கும் சொல் வேறு கிடையாது. காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, எலிக்கு வைப்பதும் மருந்து. பிழைக்க வைப்பதும் அதுதான், சாகடிப்பதும் அதுதான். 'மருந்து அடிச்சாச்சு' என்று மனைவி சொன்னபோது திரைக்காரரின் மனசில் விழுந்தது முதல் அர்த்தம். மனைவி கையால் ஒரு செடி சாகும் என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது. அவள் பல தடவை விளக்கிச் சொல்லியிருக்கிறாள்தான். அப்போதெல்லாம் அவர் அவள் பேசும் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தார், பேச்சைக் கேட்கவில்லை.

சனிக்கிழமை விடியும்போதே கண்ணாடி வீட்டுக்குப் போனார். சூரியன் இன்னும் மரத்துக்கு மேலே வரவில்லை. தட்டுகளில் நாற்றுகள் ஈரத்தோடு நின்றன. இன்னும் கொஞ்ச நேரத்தில் வெயில் வந்து கண்ணாடி வழியாகக் கொதிக்கும். பாவம், நேற்றுத்தான் மருந்து போட்டிருக்கிறது. அவர் அண்ணாந்து பார்த்தார். போன வருஷம் இருட்டில் செய்யும் சோதனைகளுக்கென்று அவரே தைத்து மாட்டிய கனத்த கறுப்புத் திரைகள் ஓரத்தில் மடிந்து கிடந்தன. வீட்டில் மனைவிக்கு என்ன செய்தாரோ அதையே செடிகளுக்கும் செய்தார். சரசரவென்று நாலு பக்கமும் மேலேயும் இழுத்து மூடினார். உள்ளே கும்மிருட்டு. "நிம்மதியாத் தூங்குங்கடா" என்று சொல்லிவிட்டு வந்தார். நான் சிரிக்கவில்லை, நீங்களும் சிரிக்காதீர்கள். அன்பு தலைக்கேறினால் யாருக்கும் இப்படித்தான் ஆகும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். இருட்டறையில் கட்டிலில் விஞ்ஞானி. வாசற்படியில் விழுந்த கொஞ்ச வெளிச்சத்தில் மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். திரைக்காரர் அப்போதுதான் வந்து காலை நீட்டி உட்கார்ந்தார்.

"ஏங்க, செடி எப்படி இருக்கு?"

"ராஜா மாதிரி இருக்கு."

"மூத்தது?"

"நிக்குது."

"நடுவிலது? கடைக்குட்டி?"

"எல்லாம் நிக்குது. உன் பிள்ளைங்களுக்கு என்ன கேடு?"

விஞ்ஞானியின் முகம் கட்டுக்குக் கீழே மலர்ந்தது. "சரி, பக்கத்துத் தட்டு? சாதா நெல்லு? எந்த அளவுக்குக் கருகியிருக்கு?"

"ஏன் கருகணும்?" என்றார் திரைக்காரர் ரோஷத்தோடு. "அதுவும் பச்சைப்பசேல்னு நிக்குது. உன்னோடதுக்கு ஒரு கவனிப்பு, அதுக்கு ஒரு கவனிப்புன்னு ஓரவஞ்சனை பண்ற ஆளா நான்? ஒரு இலை வாடல, தெரியுமா?"

அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அது செத்திருக்கணுங்க."

"என்னடி சொல்ற?"

"நேத்து மத்தியானமே செத்திருக்கணும். அது சாகணும், என்னோடது பிழைக்கணும். அதுதானே சோதனை? எல்லாம் பிழைச்சா எதுவும் ஜெயிக்கலைன்னு அர்த்தம்." அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "மருந்தைத் தப்பாக் கலந்துட்டேன். அவசரத்துல வெறும் தண்ணியை அடிச்சுட்டு வந்திருக்கேன். நாளைக்கு அவங்க வந்து நின்னா எதைக் காட்டுவேன்?"

திரைக்காரர் நீட்டிய காலை மடக்கிக்கொண்டார். "நீயா தப்பாக் கலப்ப? போடி. எனக்குத்தான் சரியாத் தெரியலையோ என்னவோ. ஆனா ஒவ்வொண்ணா டார்ச் அடிச்சுத்தான் பார்த்தேன்..."

"எப்போ பார்த்தீங்க?"

"மத்தியானம்தான்."

"மத்தியானத்துல எதுக்குங்க டார்ச்?"

மாமியாரின் கையில் கத்தி நின்றது.

திரைக்காரர் ஒளிக்காமல் சொன்னார். மருந்து போட்டவங்களுக்கு வெளிச்சம் ஆகாது என்று டாக்டர் சொன்னது, பாவம் என்று தோன்றியது, திரையை இழுத்தது, தூங்குங்கடா என்றது, எல்லாம். கேட்ட மாமியார் முந்தானையை வாயில் வைத்து அடக்கியும் முடியாமல், "பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கா முடிஞ்ச கதையால்ல இருக்கு! மாப்பிள்ளை, களைக்கொல்லிக்கே பத்தியம் வெச்ச ஆள் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

"அம்மா, சும்மா இருங்க" என்றாள் விஞ்ஞானி. அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "முழுசா இழுத்தீங்களா? எங்கேயாவது இடுக்கு இருந்துச்சா?"

"என் திரையிலயா?"

"அப்போ மருந்து சரியாத்தான் கலந்திருக்கேன்!" என்றாள். அடுத்த நிமிஷம் அவள் கை அவர் கையைத் தேடிப் பிடித்தது. "இப்பவாவது நான் சொல்றதைக் கேளுங்க. என் மூஞ்சியைப் பார்க்காதீங்க."

"இருட்டுல எங்கே தெரியுது," என்றார் அவர்.

"செடி பச்சையா இருக்குல்ல, அந்தப் பச்சையை அது கடையில வாங்கல. தானே செய்யுது. ஒரே மூச்சுலயும் செய்யல. உங்க கடையில ஒருத்தர் வெட்டுறாரு, ஒருத்தர் மடிச்சு அடிக்கிறாரு, ஒருத்தர் வளையம் தைக்கிறாரு. அது மாதிரி செல்லுக்குள்ள வரிசையா ஆளுங்க. ஒரு ஆள் செஞ்சதை அடுத்த ஆள் வாங்கிச் செய்யணும். இந்த மருந்து என்ன பண்ணுதுன்னா, நடுவுல ஒரே ஒரு ஆளோட கையைக் கட்டிடுது. முன்னாடி இருக்கிறவங்களுக்கு அது தெரியாது. அவங்க பாட்டுக்கு வெட்டி வெட்டித் தள்ளுறாங்க. அரைகுறைச் சரக்கு மலை மாதிரி குவியுது. அறையில இடம் பத்தாம வெளியில வழியுது."

"சரி, குவிஞ்சா என்ன? தைச்சுக்கலாம்."

"துணின்னா தைச்சுக்கலாம். இது வெளிச்சம் பட்டா பத்திக்கிற சரக்கு. முழுசாப் பச்சையமா ஆயிட்டா வெயிலை வாங்கிச் சோறாக்கும். அரைகுறையா வெளியில வழிஞ்சு கிடக்கும்போது அதே வெயில் பட்டா, சுத்தி இருக்கிறதை எல்லாம் எரிச்சுடும். செடியை மருந்து கொல்றதில்லைங்க. மருந்து குவிச்சு வைக்குது, வெயில்தான் கொளுத்துது."

திரைக்காரர் வாயைப் பிளந்தார். வாழ்நாள் முழுக்க வெளிச்சத்தை வெளியே நிறுத்துவதையே தொழிலாகக் கொண்டவர், வெளிச்சத்தைப் பற்றி இப்படி ஒன்றைக் கேட்டதே இல்லை. அடேயப்பா, ஒரு புல்லுக்குள் இத்தனை பட்டறையா! அதில் எந்த ஆளின் கையைக் கட்டினால் என்ன ஆகும் என்று தன் பெண்டாட்டிக்குத் தெரிகிறதா! ஒரு கணம் குற்ற உணர்ச்சியே மறந்துபோயிற்று.

"உன் மூணு பிள்ளைங்களுக்கு?"

"அதுங்களுக்கு அந்த ஆளோட கை கொஞ்சம் வேற மாதிரி. மருந்துக்குக் கட்ட வராது. அதனால சரக்கு குவியாது." அவள் நிறுத்தினாள். "குவியாதுன்னு நினைக்கிறேன்."

மாமியார் வெங்காயத் தட்டை நகர்த்திவிட்டுக் கிட்டே வந்தார். "இதுல என்னடி யோசனை? விடியக்காலையில மாப்பிள்ளை போய்த் திரையைத் திறந்துடட்டும். அவங்க வர்றதுக்குள்ள சாக வேண்டியது செத்துடும், நிக்க வேண்டியது நிக்கும். காதும் காதும் வெச்ச மாதிரி முடிஞ்சுது."

"திறக்கக் கூடாதும்மா."

"ஏன்?"

"இத்தனை வருஷமா நான் மருந்து அடிச்சு, மறுநாளே வெயில்ல வெச்சுத்தான் பார்த்திருக்கேன். ரெண்டு நாள் இருட்டுல சரக்கு குவிய விட்டு, திடீர்னு வெயிலைக் காட்டினதே இல்லை. அது பல மடங்கு கொடுமை. ஆனா வயல்ல அப்படித்தானே நடக்கும்? மருந்து அடிச்ச ரெண்டு நாள் மூட்டம் போட்டுட்டு, மூணாம் நாள் சுள்ளுன்னு அடிக்காதா? அதை நான் யோசிக்கவே இல்லை. இவர் யோசிக்காமலே செஞ்சுட்டு வந்திருக்காரு. நாளைக்கு அவங்க கண்ணு முன்னாடிதான் திறக்கணும்."

"உன்னோடதும் சேர்ந்து செத்துட்டா?" என்றார் திரைக்காரர். "என்னால உன் உழைப்பு போயிடுமே. என் மேல பழியைப் போட்டு, ஒரு வாரம் தள்ளி வைக்கச் சொல்லு."

"தள்ளி வெச்சா கண்ணாடி வீடு பூச்செடிக்குப் போயிடும், தெரியும். அதை விடுங்க. இங்கே செத்தா என் தட்டு சாகுது. இதை மறைச்சு அனுப்பி வயல்ல செத்தா அடுத்தவன் பயிர் சாகுது. அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்."

சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். மாமியார் மகளின் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை காலை கட்டுக்கு மேலே கறுப்புக் கண்ணாடி போட்டு, மற்ற கண்ணையும் மூடி, புருஷன் கையைப் பிடித்தபடி விஞ்ஞானி கண்ணாடி வீட்டுக்கு வந்தாள். குழுவில் நாலைந்து பேர். அதில் தலைமை ஒரு வழுக்கைத் தலைக்காரர், சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். விஞ்ஞானி நடந்ததைப் பூசிமெழுகாமல் சொன்னாள். புருஷன் இரக்கப்பட்டுத் திரை போட்டது, அதனால் சோதனை வேறு சோதனையாக மாறியது, முடிவு என்னவென்று தனக்கும் தெரியாது என்பது வரைக்கும். இரண்டு பேர் இருமலில் சிரிப்பை மறைத்தார்கள். வழுக்கைத் தலைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "வேற நாள் வேணும்னா கேளுங்க. இப்படி ஒரு சோதனையை நாங்க கேட்கவே இல்லை" என்றார்.

"வயல் கேட்கும் சார்," என்றாள் விஞ்ஞானி. பிறகு, "திறங்க" என்றாள்.

திரைக்காரர் கயிற்றைப் பிடித்தார். கை வரவில்லை. இருட்டுக்குள் சாதுவாக நின்றன நாற்றுகள், எது சாகும் எது பிழைக்கும் என்று தெரியாமல். அவர் தாமதித்ததைக் கேட்டே அவளுக்குப் புரிந்தது. "ஏங்க, எனக்காக" என்றாள் மெதுவாக. அவர் இழுத்தார். வெயில் மொத்தமாகக் கொட்டியது.

முதலில் ஒன்றுமே நடக்கவில்லை. குழுவினர் டீ குடிக்கப் போனார்கள். விஞ்ஞானி முக்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். வெயில் உச்சிக்கு ஏற ஏற, சாதா நெல்லின் இலைகளில் எண்ணெய் பட்ட காகிதம் போல ஈரத் திட்டுகள் விழுந்தன. திட்டுகள் பரவின. இலைகள் துவண்டு, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, நுனியிலிருந்து வெளுத்துச் சுருண்டன. கொதிநீர் ஊற்றியது போல இருந்தது. பச்சையைச் செய்ய வேண்டிய சரக்கே பச்சையைத் தின்றது. திரைக்காரர் பார்த்ததையெல்லாம் சொல்லச் சொல்ல, அவள் தலையாட்டினாள்.

"என்னோடது?"

அவர் பக்கத்துத் தட்டுக்குப் போனார். வெகு நேரம் நின்றார்.

"ஏங்க, வாயைத் திறங்க. நல்ல சேதின்னா இந்நேரம் கத்தியிருப்பீங்க."

"மூத்தது..." என்றார். குனிந்து ஒரு இலையைத் தூக்கிப் பார்த்தார். "மூத்தது சாயுதும்மா. திட்டு விழுந்துடுச்சு. வரிசை முழுக்க."

 

"நடுவிலது?"

"நிக்குது."

"நுனியைப் பாருங்க. குருத்தைப் பாருங்க."

"நுனி லேசாக் கருகியிருக்கு. குருத்து சுத்தமா இருக்கு. கடைக்குட்டி ஒண்ணுமே ஆகாத மாதிரி நிக்குது. சத்தியமா நிக்குதும்மா."

அவள் மூச்சை விட்டாள்.

குழு திரும்பி வந்து குனிந்து பார்த்தது. இலையைக் கிள்ளிப் பார்த்தது, படம் எடுத்தது. வழுக்கைத் தலைக்காரர் இரண்டு தட்டுகளுக்கும் நடுவில் நின்று தலையைத் தடவிக்கொண்டார். "ரெண்டு ஜம்முனு நிக்குது. செத்ததைப் பத்தி எழுத வேண்டாமே. மூணுன்னு நீங்க எழுதிக் கொடுத்தது உங்களுக்கு எதிராப் போகும். ரெண்டுதான் கொண்டுவந்தீங்கன்னு வெச்சுக்குவோம்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

"எழுதுங்க சார்," என்றாள் விஞ்ஞானி. "என் கையாலேயே எழுதிக் கொடுக்கிறேன், கண்ணு தெரிஞ்சதும். அது செத்ததாலதான் இந்த ரெண்டும் நிஜமாவே நின்னதுன்னு நாலு பேர் நம்புவாங்க. இத்தனை வருஷமா அதுதான் நல்லதுன்னு நான் ஏமாந்திருந்தேன். அதையும் எழுதுங்க."

வழுக்கைத் தலைக்காரர், அவள் பார்க்க முடியாது என்பதை மறந்து கைகூப்பினார். "ரெண்டுக்கும் வயல் கொடுக்கிறோம்" என்றார். "திரை போட்டுத் திறக்கிற இந்தச் சோதனையை இனிமே எல்லாருக்கும் வைக்கப் போறோம்." போகும்போது திரைக்காரரின் தோளில் தட்டிவிட்டுப் போனார். திரைக்காரருக்கு எங்கே ஒளிவதென்று தெரியவில்லை. அவ்வளவு பெரிய திரையைத் தைத்தவருக்கு அன்றைக்கு ஒரு முழத் துணி கிடைக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு விஞ்ஞானி கையை நீட்டினாள். அவர் அவளைத் தட்டுக்கு அழைத்துப்போய் அவள் விரல்களை மூத்ததின் மேல் வைத்தார். இலைகள் ஈரத்துணி போலத் தொய்ந்து கிடந்தன. அவள் ஒரு வரிசை முழுக்கத் தடவினாள். கட்டுக்குள்ளிருந்து கண்ணீர் கசிந்து கன்னத்தில் இறங்கியது. அவர் துடைக்கப் போனவர், துடைக்காமல் விட்டார். இளகிய மனசுக்காரன் என்று தன்னை ஊரே சொல்கிறது, தானும் அதை நம்பிக்கொண்டிருந்தார். இவள் மனசு தன்னுடையதைவிட இளகியது. ஆனாலும் வெயிலைத் திறக்கச் சொன்னாளே, அந்தத் தைரியத்துக்குப் பக்கத்தில் தான் எந்த மூலைக்கு என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதை மனசில் பூட்டி வைக்கும் ஆள் இல்லை அவர்.

"நீ பெரிய ஆள்டி," என்றார். "நிஜமாச் சொல்றேன். உன்னைக் கட்டினதுக்கு நான் என்ன புண்ணியம் பண்ணினேனோ."

"போதும், போதும்." அவள் மூக்கை உறிஞ்சினாள். கை நகர்ந்து கடைக்குட்டியின் வரிசைக்கு வந்தது. விரலை நிமிர்ந்து எதிர்த்து நின்ற இலைகள். "செத்ததைப் பார்த்தது போதும். இதைச் சொல்லுங்க. என் கண்ணுக்கு இன்னும் ஒரு நாள் ஆகும், அதுவரைக்கும் பொறுக்க முடியாது. இது எந்தப் பச்சை? உங்களுக்குத்தான் நூறு பச்சை தெரியுமே."

திரைக்காரர் குனிந்தார். கிளிப்பச்சையா? இல்லை. பாசிப்பச்சை? இல்லை, அது கொஞ்சம் கறுப்பு. இலைப்பச்சை என்று ஒரு துணிச்சுருள் கடையில் இருக்கிறது, அதை நினைத்தாலே சிரிப்பு வந்தது. வெயில் இலைக்குள் புகுந்து, எரிக்காமல், மறுபக்கம் மினுங்கியது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னங்க?"

"இந்தப் பச்சையில என்கிட்ட துணி இல்லம்மா," என்றார்.